இரைமீனுக்குப் பங்கு கேட்ட கதை

என் தங்கை கோமதிக்குக் கண்ணில் புரை. சிங்கப்பூரில் அது அரைநாள் வேலை. காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனாலும் கூடப் பிறந்தவன் பக்கத்தில் இருந்தால்தான் கத்தி வைக்கவிடுவேன் என்று அவள் அடம்பிடித்தாள். கணவர் இருக்கிறார், ஆனால் அவர் வாய் திறந்து டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கமாட்டாராம். நான் கேட்பேன் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தூத்துக்குடிப் பக்கம் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேசைக்குப் போகவேண்டும், எந்த மேசையில் அது படுத்துத் தூங்கும், அதை எப்படித் தட்டி எழுப்புவது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த ஞானத்துக்குச் சிங்கப்பூரில் மதிப்பில்லை என்பது மருத்துவமனை வாசலிலேயே தெரிந்துவிட்டது. அங்கே மேசையே இல்லை. கோமதி ஓர் இயந்திரத்திடம் அடையாள அட்டையைக் காட்டினாள். அது ஒரு சீட்டைத் துப்பியது. திரையில் எண் வந்ததும் எழுந்து உள்ளே போனாள். நான் கேள்வி கேட்க ஓர் ஆளைத் தேடி இரண்டு மாடி ஏறி இறங்கினேன். கடைசியில் குளிர்சாதனக் காற்றில் நடுங்கிக்கொண்டு, துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி என்னையே நோயாளி என்று நினைத்து, பயப்படாதே, வலிக்காது என்று சைகை காட்டினார்.

மறுநாள் கோமதி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சோபாவில் படுத்தபடி வீட்டை ஆண்டாள். சொட்டு மருந்து விடுவது அவள் கணவர் சுப்பையாவின் வேலை. கடைக்குப் போவது என் வேலை. லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கச் சொன்னாள். அவர்கள் இருக்கும் பிடோக்கிலும் காய்கறி கிடைக்கும். ஆனால் முருங்கைக்காயைச் சீனக்காரர் கடையில் வாங்கினால் சாம்பார் ஒத்துக்கொள்ளாது என்பது அவள் கொள்கை.

போகும்போது தடையில்லை. அங்கே தேக்கா சந்தையின் மீன் பகுதியில் வெகுநேரம் நின்றேன். ஐஸ் மலைமேல் மீன்கள் கலெக்டர் வருகைக்கு நிறுத்திவைத்த பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருந்தன. ஈ இல்லை, தரையில் வழுக்கல் இல்லை, மீன்காரம்மா வாயில் வசவு இல்லை. எங்கள் ஊரில் ஏலம் போடும் இடத்தில் வசவையும் சேர்த்துத்தான் விலை. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடையில் வாழை இலையில் சாப்பிட்டேன். பக்கத்து இலையில் கப்பல் பட்டறைச் சீருடையோடு இருந்த இளைஞர் போனில் மனைவியிடம், நல்லா சாப்பிட்டேன், நல்லா சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டே ரசத்தை மட்டும் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

திரும்பும்போதுதான் வினை. நிறுத்தத்தில் இருந்த அறிவிப்பை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, சாலையின் தவறான பக்கத்தில் நின்று பேருந்து ஏறிவிட்டேன். முன் இருக்கையில் இரண்டு பெண்பிள்ளைகள் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் பிடோக் எப்போது வரும் என்று கேட்டேன். “அங்கிள், இது ஆங் மோ கியோ போற பஸ் லா. பிடோக் வரவே வராது” என்றாள் ஒருத்தி. முருங்கைக்காய்க் கட்டோடு ஆங் மோ கியோவையும் பார்த்தேன். பிடோக்கையே எடுத்து அங்கே நட்டுவைத்த மாதிரி இருந்தது. அதே அடுக்குமாடிகள், அதே காப்பிக் கடை, மேசையில் அதே கிழவர்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது சுப்பையா என்னைப் பார்த்துச் சிரித்தார். “பரவால்ல மச்சான், நாளைக்கு என்கூட மீன் பிடிக்க ஜெட்டிக்கு வாங்க. நடந்தே போயிரலாம்” என்றார்.

சுப்பையா சிங்கப்பூரிலேயே பிறந்தவர். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். அந்த உயரத்தில் தனியாக உட்கார்ந்தே ஆயுளில் பாதி கழிந்ததாலோ என்னவோ, பேச்சு குறைவு. தினமும் விடிகாலையில் தூண்டிலும் வாளியுமாகப் போவார். வெயில் ஏறுவதற்குள் வெறும் வாளியோடு திரும்பிவருவார்.

அந்த வெறும் வாளிதான் கோமதியின் குறை. அன்று ராத்திரி சாப்பாட்டின்போது, அவர் கைகழுவப் போன சமயம் பார்த்து என்னிடம் கொட்டினாள். “அண்ணே, இவுங்க அங்க போயி இத்தினிக்கூண்டு மீனாப் பிடிச்சு, டான்னு ஒரு சீனக்காரன், அவனுக்குக் குடுக்காங்க. அவன் அதை முள்ளுல கோத்துப் பெரிய பெரிய மீனாப் பிடிச்சு வீட்டுக்குக் கொண்டுபோறான். நம்ம வீட்டுக்கு ஒரு வாலு வந்ததில்ல. நீயாவது கேட்டுப் பாரேன்.”

கேட்டுப் பாரேன். பணிக்காலம் முழுவதும் இந்த இரண்டு சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஊர்வழக்குகளில் தலையிட்டவன் நான். சரி என்றேன்.

விடிகாலையில் விரைவுச்சாலைக்குக் கீழே சுரங்கப்பாதை வழியாகப் போனால் கடற்கரைப் பூங்கா. அங்கிருந்து கடலுக்குள் நீளமாக ஓடும் ஒரு காங்கிரீட் பாலம். அதைத்தான் ஜெட்டி என்கிறார்கள். தூரத்தில் கப்பல்கள் நங்கூரமிட்டு, முறைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றன. எங்கள் ஊரில் துறைமுகத்துக்குப் போனால் கப்பல் இருக்கிறதா என்று தேடவேண்டும். இங்கே கப்பல்களுக்கு நடுவில் கடலைத் தேடவேண்டியிருக்கிறது.

பாலத்தின் கோடியில் டான் ஏற்கெனவே வந்திருந்தார். டாக்சி ஓட்டி ஓய்ந்த சீனக்காரர், ஒல்லியான உயரம். எனக்கு இடது கையை நீட்டினார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் குச்சிபோல நின்றன. அவரும் சுப்பையாவும் மலாயில் ஒரு வரி பேசிக்கொண்டார்கள். பிறகு வெகுநேரம் பேசவில்லை. பேசாமல் இருப்பதிலும் ஒரு பழக்கம் தெரிந்தது.

சுப்பையா பிடிக்கும் விதத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரே தங்கூசி நரம்பில் வரிசையாக ஐந்தாறு சின்ன முட்கள். ஒவ்வொன்றிலும் மினுங்கும் இழை ஒரு துணுக்கு. அடியில் ஈயக்குண்டு. இரை கிடையாது. நீருக்குள் இறக்கி, மெதுவாகத் தூக்கி, மெதுவாக விடுகிறார். மினுக்கத்தைப் பார்த்து ஏமாந்து கூட்டமாக வந்து கடிக்கின்றன சின்ன மீன்கள். நாங்கள் சாளை என்போம், இங்கே மலாய்ப் பெயரில் தம்பான். ஒரே இழுப்பில் மூன்று நான்கு வெள்ளிக்காசு போலத் தொங்கிக்கொண்டு வந்தன. அவற்றை அவர் கையால் தொடவே இல்லை. முள்ளின் தண்டைப் பிடித்து வாளிமேல் தலைகீழாக ஓர் உதறல். மீன் தண்ணீருக்குள் நழுவி ஓடும். வாளியில் ஒரு குட்டி மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

நான் ஒன்றை எடுத்துப் பார்க்கக் குனிந்தேன். “தொடாதீங்க மச்சான். கை பட்டா செதில் போயிரும். செதில் போனா கொஞ்ச நேரத்துல செத்துரும்” என்றார்.

டான் அவ்வப்போது வந்து சின்ன வலைக் கரண்டியால் ஒன்றை அள்ளிக்கொண்டு போவார். கேட்பதில்லை, நன்றி சொல்வதில்லை. அதன் முதுகில் பெரிய முள்ளை ஏற்றி, தக்கை கட்டி, நீரோட்டத்தோடு போகவிட்டுத் தன் பெரிய கழியைச் சாய்த்துவைப்பார். சின்ன மீன் அங்கே உயிரோடு துடித்தபடி பெரிய மீனை அழைக்கவேண்டும். செத்த மீனை இந்தக் கடலில் எதுவும் மதிப்பதில்லையாம்.

அன்று அந்த உயிருள்ள அழைப்பு மதிக்கப்பட்டது. கழி வில்லாக வளைந்ததும் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் தங்கள் தூண்டில்களைச் சுற்றி எடுத்துவிட்டார்கள். ஒருவர் நரம்பு இன்னொருவர் நரம்போடு சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இத்தனைக்கும் அங்கே ஒரு காவலரோ ஓர் அறிவிப்புப் பலகையோ இல்லை. டான் இழுத்தார், விட்டார், இழுத்தார். சுப்பையா கயிற்றில் கட்டிய வட்ட வலையைக் கீழே இறக்கி மீனை ஏந்தித் தூக்கினார். வெள்ளியும் நீலமுமாக முழங்கையைத் தாண்டிய நீளத்தில் ஒரு மீன். இங்கே தெங்கிரி, எங்கள் பக்கம் சீலா, சென்னையில் வஞ்சிரம். மாட்டிக்கொண்டால் எல்லாப் பெயருக்கும் ஒரே விதிதான்.

டான் மீனைப் பெட்டியில் வைத்தார். சுப்பையா மீதி இருந்த சாளைகளை வாளியோடு கடலில் கவிழ்த்தார். அவை கலைந்து ஓடுவதை இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார்கள். பெரிய மீனும் வீட்டுக்கு வரவில்லை, சின்ன மீனும் வரவில்லை. சாளைக்கு மிளகாய் தடவிப் பொரித்துத் தின்று வளர்ந்தவன் நான். என் வயிறு எரிந்தது.

சுப்பையா வாளியைக் கழுவப் பூங்காக் குழாய்ப் பக்கம் போனார். நான் டானிடம் போனேன். எனக்குத் தெரிந்த அலுவலக ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு விளக்கினேன். எங்கள் கடற்கரையில் பிடித்த மீனைப் பங்கு வைப்பார்கள் என்றேன். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, கடலுக்குப் போன ஆளுக்கு ஒரு பங்கு. இதில் சண்டை வந்து என் முன்னால் வந்த பஞ்சாயத்துகள் ஏராளம். அந்த நியாயப்படி பார்த்தால், இரை கொடுத்தவருக்கும் ஒரு பங்கு வருமல்லவா?

டான் கவனமாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். “சுப்பையா சொல்லச் சொன்னானா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை, சின்னச் சொல்லும்கூட. ஆனால் எந்த உத்தரவிலும் யார் சொன்னது என்று எழுதாமலே காலம் தள்ளியவனுக்கு நாக்கு வேறு மாதிரிப் பழகியிருந்தது. “குடும்பத்தாருடைய அபிப்பிராயம்” என்றேன்.

“ஃபேமிலி” என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “சரி பிரதர். நியாயம்தான்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் மனசுக்குள் ஒரு வழக்கைச் சுமுகமாக முடித்த திருப்தியில் நடந்தேன். வழியில் ஒரு காப்பிக் கடையில் சுப்பையாவுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். இங்கே அது பிராட்டா. சால்னாவுக்குப் பதில் மீன் குழம்பு ஊற்றுகிறார்கள், கேட்டால் சர்க்கரையும் வைக்கிறார்கள். எதற்கு இந்த உபசாரம் என்று சுப்பையா கேட்கவில்லை.

அடுத்த நாள் டான் ஒரு பையை நீட்டினார். முந்தின நாள் சீலா, முதுகெலும்போடு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த பாதி. தலையும் நடுவே பிளந்திருந்தது. ஒரு கண் அவருக்கு, ஒரு கண் எங்களுக்கு. தராசில் வைத்தால் முள் அசையாது. சுப்பையா சிரித்துவிட்டார். ஏதோ விளையாட்டு என்று நினைத்தார். விருந்தாளி வந்திருக்கிறார் என்பதற்காகக் கொடுக்கிறான் போல என்று என்னிடம் சொன்னார். நான் பையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

கோமதி கறுப்புக் கண்ணாடியோடு அடுப்படியில் நின்று, புளி கரைத்து, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். கண்ணில் ஆவி படக்கூடாது என்ற டாக்டரின் கட்டளை அன்று ரத்து. நான் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசி. இப்போது நினைத்தால் அந்த ருசிதான் முதலில் ஞாபகம் வருகிறது, அதுதான் வேதனையாகவும் இருக்கிறது.

மறுநாள் காலையில் கோடியில் டான் இல்லை. பாலத்தின் பாதியில், எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்றிருந்தார். புது வாளி. கையில் புதிதாக வாங்கிய பல முள் தூண்டில், சுப்பையாவினுடையது போலவே. நாங்கள் அவரைக் கடந்து போகும்போது தலையசைத்தார்.

சுப்பையா வழக்கமான இடத்தில் வாளியை வைத்து, மோட்டாரைப் போட்டு, சின்ன மீன் பிடிக்க ஆரம்பித்தார். வாளி நிறைந்தது. அள்ள யாரும் வரவில்லை. சற்றுநேரம் பார்த்துவிட்டுத் தூண்டிலைச் சாய்த்துவைத்து டானிடம் போனார். மலாயில் பேசினார்கள். காற்று எதிராக அடித்ததால் ஒன்றும் காதில் விழவில்லை. சுப்பையா கையால் எங்கள் வாளியைக் காட்டியதும், டான் தலையை ஆட்டி மறுத்ததும் மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “அவன்கிட்ட என்ன சொன்னீங்க மச்சான்?”

சொன்னேன். மறைக்கவில்லை. குடும்பத்தாருடைய அபிப்பிராயம் என்ற வரியையும் சொன்னேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். பதில் சொல்வதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. அவர் தூண்டிலை எடுத்து மறுபடி நீரில் இறக்கினார். கடலைப் பார்த்தபடியே பேசினார். நான் அவர் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“அவனுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. ரொம்ப நாள் வரல. அப்பறம் வந்தான். விரல் வேலை செய்யல, சின்ன மீன முள்ளுலேர்ந்து எடுக்க முடியல, எல்லாம் செத்துப்போவுது. நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன், வாளிய நடுவுல தள்ளி வச்சேன். அவ்வளவுதான். நாங்க பேசி வச்சுக்கல லா. இப்போ அவன் என்ன நெனைக்கிறான் தெரியுமா? இத்தன வருசமா நான் மனசுல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தேன்னு நெனைக்கிறான்.”

“நான் போய் விளக்கிடறேன் மாப்பிள்ளை” என்றேன்.

“வேணாம். நீங்க வெளக்க வெளக்க அது உண்மைன்னு ஆயிரும்” என்றார்.

கேட்கவில்லை, போனேன். டான் புது வாளிக்குமேல் குனிந்து, ஒரு சாளையை முள்ளிலிருந்து கழற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். உதற வரவில்லை. கடைசியில் இடது உள்ளங்கையில் வைத்து அழுத்தித்தான் எடுத்தார். செதில்கள் அவர் கையில் மினுங்கின. வாளியில் ஏழெட்டு மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. நான் சொன்னது என் சொந்த அதிகப்பிரசங்கம், சுப்பையாவுக்கு அதில் பங்கே இல்லை, தயவுசெய்து மறந்துவிடுங்கள் என்று ஆங்கிலத்திலேயே மன்றாடினேன்.

அவர் எழுந்து நின்று, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, என் தோளில் தட்டினார். “நோ ப்ராப்ளம் பிரதர். நீங்க சொன்னதுல தப்பே இல்ல. நான்தான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்.”

என்மேல் வந்த எல்லாப் புகார்களுக்கும் விளக்கம் எழுதி வென்றிருக்கிறேன். நீ சொன்னது சரி என்று ஒருவர் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால் அதற்கு மேல்முறையீடு எங்கே செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் கோமதியிடம் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். அறுவை நன்றாக நடந்திருந்தது, கண் தெளிவாக இருந்தது. “நான் உன்கிட்ட சும்மா பொலம்புனேன். பொம்பளைங்க பொலம்புறதுக்கெல்லாமா ஆக்ஷன் எடுப்பாங்க? அந்த மனுசனுக்கு இந்த ஊர்ல பேசறதுக்கு வேற யாருண்ணே இருக்கா?” என்றாள். பேசறதுக்கு என்றாளே தவிர, அவர்கள் பேசிக்கொள்வதில்லை என்பது அவளுக்கும் தெரியும். மீதிக் குழம்பு அன்றும் இருந்தது. யாரும் ஊற்றிக்கொள்ளவில்லை.

மீதி நாட்களில் நான் சுற்றிப்பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நகரத்துப் பெரிய பூங்கா ஒன்றில் செயற்கை மரங்களைப் பார்த்தேன். இயற்கை மரங்களும் அவற்றைப் பார்த்து ஒழுங்காக நிற்கின்றன. கோயிலுக்குப் போனேன், வரிசையில் யாரும் முந்தவில்லை. ஆனால் எங்கே போனாலும் விடிகாலையில் சுப்பையா கதவைச் சாத்தும் சத்தத்துக்கு விழித்துக்கொண்டேன். அவர் தினமும் போனார். அதே இடத்தில் நின்றார். டான் அதே பாதிப் பாலத்தில் நின்றார். யாரும் யாரையும் முறைக்கவில்லை. முறைத்திருந்தால் சமாதானம் பேச ஒரு நூல்முனையாவது கிடைத்திருக்கும்.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் நானும் கூடப் போனேன். டானின் பெரிய தூண்டில் சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. மாட்ட உயிருள்ள இரை இல்லை. கடலில் மீன்கூட்டம் வந்திருந்த நாள் அது. பாலம் முழுக்கக் கழிகள் வளைந்துகொண்டிருந்தன. அவர் மட்டும் குனிந்து சாளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சுப்பையாவின் வாளியில் கனமான சாளைகள் சுற்றிச் சுற்றி வந்தன. நான் அவரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு சின்ன வாளியில் தண்ணீர் மொண்டு, கை படாமல் வலைக் கரண்டியால் ஒரு மீனை அள்ளிப் போட்டுக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல் நடந்தேன். ஒரு மீனை இவ்வளவு பயபக்தியோடு நான் சுமந்ததில்லை.

டான் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அந்த மீன் என்ன தரம் என்று அவர் முகமே சொன்னது. வலைக் கரண்டியை வாங்கி அள்ளிக்கொண்டார். முதுகில் முள்ளை ஏற்றினார். நீரோட்டத்தில் போகவிட்டார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, வாளியை எடுக்கக் குனிந்தேன்.

“ஒரு நிமிசம் பிரதர்” என்றார். தன் வாளியில் கைவிட்டு, செத்துக் கிடந்ததில் பெரியதாக ஒன்றைத் தேடி எடுத்து, வாங்கிய ஒன்றுக்கு ஈடாக என் வாளித் தண்ணீரில் மெதுவாக வைத்தார். பிறகு கடல்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் திரும்பி வந்து வாளியைச் சுப்பையாவின் காலடியில் வைத்தேன். அவர் உள்ளே பார்த்தார். செத்த மீன் பக்கவாட்டில் சாய்ந்து, தண்ணீர் ஆடும் திசைக்கு ஆடிக்கொண்டிருந்தது.

“அவன் குடுத்தானா?” என்றார்.

“ஆமாம்.”

அவர் மோட்டாரை நிறுத்தினார். தன் வாளியைத் தூக்கிச் சுவருக்கு மேல் கவிழ்த்தார். சாளைகள் கீழே விழுந்து ஒரு நொடி திகைத்துப் பிறகு கலைந்தன. இந்த முறை அவர் குனிந்து பார்க்கவில்லை.

“கெளம்பலாம் மச்சான்” என்றார். “ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு.”

நேரம் நிறைய இருந்தது.